ஐந்தாம் சிலிண்டரைப் பற்றி எழுதியிருந்த வரி

போன தேங்க்ஸ்கிவிங் அன்று ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் தெரிந்தவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். முப்பது பேர் இருக்கும். கார்த்திக் என்ற இளம் எஞ்சினியரும் வந்திருந்தான். நான் பதினாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே அலுவலகத்தில் இப்போது இருக்கிறான். சிறிய விமானங்கள் ஏன் விழுந்தன என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வக்கீல்களுக்கும் ஆராய்ந்து சொல்லும் அலுவலகம் அது. நான் எஞ்சினியர் இல்லை. சோவியத் காலத்து விமானங்களோடு வந்த ருஷ்யப் பதிவேடுகளைப் படித்து ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை.

"ஆன்ட்டி, உங்க வேலையெல்லாம் இப்ப போனே பண்ணிடுது. பேஜை போட்டோ எடுத்தா இங்கிலீஷ்ல வந்துடும்" என்றான் கார்த்திக். "அதுவும் ரஷ்யன் பிளேன் கேஸ்னா பெருசா படிக்கவே வேணாம். ஒண்ணு பிளேனே ஜங்க், இல்லேன்னா பைலட் எரர்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாற்காலி தள்ளி வசுமதி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் டாக்டர் பழனிசாமி பதினோரு வருடத்துக்கு முன் அப்படி ஒரு விமானத்தில்தான் இறந்தார். கார்த்திக்குக்கு அது தெரியாது. வசுமதி பாதி சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ரசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் அவள் கணவர் எதனால் இறந்தார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும்.

கோபத்தில் எழுதுகிறேன். கார்த்திக் மேல் கொஞ்சம் கோபம். மீதி யார் மேல் என்பது படித்தால் தெரியும்.

நான் ருஷ்ய மொழியை ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடிய காலத்தில், சோவியத் உதவியோடு நடந்த ஒரு தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று பேப்பரில் பார்த்தேன். சென்னையில் தங்கி இரண்டு வருடம் மாலை வகுப்பு. பிறகு பம்பு, வால்வு, பேரிங் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் கையேடுகளோடு போனது. கணவருக்கு ஹூஸ்டனில் எரிசக்திக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். ருஷ்யன் படிக்கத் தெரிந்த, இயந்திர பாகங்களின் பெயர் தெரிந்த ஆள் வேண்டும் என்று இந்த அலுவலகம் தேடியபோது, ஊரிலேயே நான் ஒருத்திதான் கிடைத்தேன்.

அந்த விமானங்கள் எப்படி டெக்சஸ் வந்தன என்று சொல்லிவிடுகிறேன். சோவியத் நாட்டில் ஊருக்கு ஊர் பறக்கும் கிளப்புகள் இருந்தன. இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். நாடு உடைந்ததும் கிளப்புகளில் பெட்ரோலுக்கே வழி இல்லை. யாக் போன்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்களின் இறக்கைகளைக் கழற்றி, கன்டெய்னரில் போட்டு, கிடைத்த விலைக்கு விற்றார்கள். இங்கே டாக்டர்களும் விவசாயிகளும் ஓய்வுபெற்ற பைலட்டுகளும் வாங்கினார்கள். உறுதியான விமானங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தாறுமாறாக இறக்கினாலும் தாங்க வேண்டும் என்று கட்டியவை. ஜங்க் என்று சொல்கிறவன் அதன் பக்கத்தில் போய் நின்றிருக்க மாட்டான்.

ஒவ்வொரு விமானத்தோடும் புத்தகங்கள் வந்தன. உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடலாம், எத்தனை வருடத்தில் கழற்ற வேண்டும், யார் சரிபார்த்தார், எந்தத் தேதியில் என்று எல்லாம் அதில் இருக்கும். கிளப் மெக்கானிக்குகள் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் குளிரில் நின்று எழுதிவைத்தது. இந்தப் பக்கம் வாங்கியவர்களுக்கு அது புரியாத கிறுக்கல். அதனால் விற்பவர் கொடுக்கும் ஆங்கிலத் தாளைப் படித்துக்கொண்டார்கள்.

என் மேலதிகாரி பெயர் ராய். ராணுவ விமானங்களில் மெக்கானிக்காக இருந்து எஞ்சினியர் ஆனவர். எஞ்சின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதனால் யார் பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவார். நாம் என்னவோ முக்கியமானதைச் சொல்லப்போகிறோம் என்பது போல இருக்கும். அவரிடம் ஒரு முறை உண்டு. பதிவேடு வந்ததும் முதலில் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, புகைப்படம் எடுக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்த தாள். முதல் பத்தியில் ருஷ்ய எழுத்தை அப்படியே பார்த்து எழுத வேண்டும். அடித்திருந்தால் அடித்ததையும், எழுத்துப் பிழை இருந்தால் பிழையையும் சேர்த்து. இரண்டாவதில் சொல்லுக்குச் சொல். மூன்றாவதில்தான் அர்த்தம். முதல் பத்தி முடியாமல் மூன்றாவதில் ஒரு வார்த்தை எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "பக்கம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்டேன் சுலு. நீ என்ன நினைக்கிறாய் என்று இன்னும் கேட்கவில்லை" என்பார். என் முழுப் பெயர் சுலோசனா.

அந்த முறையில் பல விபத்துகளைப் பார்த்தேன். வால் பகுதிக்குள் ஒரு பால்பாயிண்ட் பேனா விழுந்து கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கிக்கொண்டதால் விழுந்த விமானம் உண்டு. ஏறும்முன் சட்டைப் பையைக் காலி செய் என்று கையேட்டில் எழுதியிருந்தது. வேகமானி கிலோமீட்டரில் காட்டுவதை மறந்து, மைல் என்று நினைத்து மெதுவாகப் போய் விழுந்தவர் உண்டு. நண்பர்கள் பார்பிக்யூ போட்ட இடத்துக்கு மேலே தாழப் பறந்து வேடிக்கை காட்டி மரத்தில் மோதியவரும் உண்டு. அதெல்லாம் பைலட் எரர்தான். நான் மறுக்கவில்லை.

டாக்டர் பழனிசாமியின் கேஸ் அப்படி இல்லை.

அவர் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். மயக்க மருந்து டாக்டர். கோயிலில் பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவு பழக்கம். ஒரு சனிக்கிழமை காலை, கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாத நேரத்தில் அவர் விமானத்தின் எஞ்சின் நின்றது. ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்று வளைத்தார். உயரம் போதவில்லை. விழுந்தது.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். சில நாள் ஓட்டாமல் நின்றால் எண்ணெய் கசிந்து அடியில் இருக்கும் சிலிண்டர்களில் தேங்கும். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால், எண்ணெய் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். வளைந்த தண்டு உடனே உடையாது. பல மணி நேரம் ஓடும். பிறகு ஒரு நாள் உடையும். அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் காற்றாடியைக் கையால் பல சுற்று சுற்ற வேண்டும். எங்காவது இறுகினால் நிறுத்திவிட்டு எண்ணெயை வடிக்க வேண்டும்.

விழுந்த எஞ்சினில் ஐந்தாம் சிலிண்டரின் தண்டு உடைந்திருந்தது. அரசு விசாரணைக்காரர்கள், டாக்டர் காற்றாடியைச் சரியாகச் சுற்றாமல் ஸ்டார்ட் செய்து தண்டை வளைத்திருக்கிறார், பிறகு தாழ்ந்த உயரத்தில் திரும்ப முயன்றார் என்று எழுதினார்கள். வசுமதி அன்று அவரோடு விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். எப்போதும் போவாளாம். அவர் சுற்றச் சுற்ற அவள் எண்ணுவாள். அன்றும் எண்ணினேன் என்று சொன்னாள். மதியம் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரம் வாங்க என்று சொன்னதையும் அவளே சொன்னாள். விற்றவரின் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அவசரம்.

வசுமதி விமானத்தை விற்றவர் மேல் வழக்குப் போட்டாள். விற்றவரின் இன்சூரன்ஸ் எங்கள் அலுவலகத்தை அமர்த்தியது. அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று ராயிடம் முதல் நாளே சொன்னேன். "புத்தகத்துக்கு உன்னைத் தெரியாது. பக்கத்தை மட்டும் படி" என்றார்.

படித்தேன். எஞ்சின் பதிவேட்டில், அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில் நீல மையில் ஒரு கிளப் மெக்கானிக் எழுதியிருந்தார். முதல் சொல் 'கித்ரோஉதார்', சொல்லுக்குச் சொல் 'ஹைட்ரோ அடி'. மூன்றாவது பத்தியில் நான் எழுதியது இது: "எண்ணெய் தேங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்ததால் அடி. ஐந்தாம் சிலிண்டர். எஞ்சினைக் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பவும். ஸ்டார்ட் செய்யத் தடை." தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தது. அதற்குப் பின் தொழிற்சாலைக்குப் போனதாக எந்தப் பதிவும் இல்லை. அடுத்து இருந்தது கன்டெய்னரில் ஏற்றிய தேதி.

விற்றவர் கொடுத்த ஆங்கிலத் தாளில் அந்த இடத்தில் "ஹைட்ராலிக் சோதனை முடிந்தது" என்று இருந்தது. தடை என்ற வரியே இல்லை.

ராய் அதை இரண்டு முறை படித்தார். "இந்த விமானத்தில் சக்கரம், பிரேக் எல்லாம் காற்றழுத்தத்தில் இயங்குகிறது. ஹைட்ராலிக்ஸே கிடையாது. இல்லாததை எப்படிச் சோதித்தார்கள்?" என்றார். பிறகு என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் உடைந்த தண்டைக் காட்டினார். உடைந்த பரப்பில் பெரும்பகுதி கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பளபளவென்று இருந்தது. கறுத்தது பழைய வெடிப்பு, பல காலமாக எண்ணெய் குடித்தது. பளபளப்பு அன்று காலை உடைந்தது. டாக்டர் அந்த விமானத்தை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கியபோதே தண்டு வளைந்துதான் இருந்தது. அவர் ஆயிரம் முறை காற்றாடியைச் சுற்றியிருந்தாலும் அது உடைந்திருக்கும்.

தாளை வாங்கிக்கொண்டு விற்றவர் தரப்பு வக்கீல்களைப் பார்க்கப் போனார் ராய். மூன்றாம் நாள் அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தது. அதில் பைலட்டின் அனுபவம் இருந்தது, உயரம் இருந்தது, திரும்பிய கோணம் இருந்தது. பதிவேடு இல்லை.

"ஓரத்தில் இருந்த வரி எங்கே?" என்று கேட்டேன்.

வலது காதைத் திருப்பாமலே பதில் சொன்னார். "திரும்ப முயன்றது சரியா என்று கேட்டார்கள். சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதானே. அவர்கள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். உன் தாள் கோப்பில் இருக்கும்."

"எதிர்த் தரப்பிடமும் பதிவேட்டின் நகல் இருக்கிறதே. அவர்கள் பார்ப்பார்கள் இல்லையா?"

"பார்க்கலாம்" என்றார்.

அவர்கள் பார்க்கவில்லை. வசுமதியின் வக்கீல் கல்லூரியில் ருஷ்யன் கற்றுத்தரும் ஒருவரிடம் கொடுத்திருந்தார். அவர் கட்டங்களுக்குள் அச்சில் இருந்ததைப் படித்தார். ஓரத்துக் கிறுக்கலுக்கு விற்றவரின் ஆங்கிலத் தாளையே நம்பிவிட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆவணங்களை முத்திரை வைத்து மூடினார்கள். குற்றம் செத்துப்போனவர் மேல் நின்றது.

மூன்று பத்தி முறையை எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். அடித்ததைக்கூட எழுது என்றவர். அவரை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

ஆனால் நான் என்ன செய்தேன்? அந்த வருடம்தான் என் கணவருக்கு வேலை போயிருந்தது. எங்கள் விசா என் வேலையைப் பிடித்துத் தொங்கியது. கிரீன் கார்டு மனுவை இந்த அலுவலகம்தான் போட்டிருந்தது. மகள் காலேஜில். கேஸ் விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். இதெல்லாம் காரணம் என்று நாலு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது வருடம் கிரீன் கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடம் சும்மா இருந்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. பேசாமல் இருப்பது பழகிவிட்டது, அவ்வளவுதான். வருடா வருடம் வசுமதி வீட்டுக் கொலுவுக்குப் போனேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓய்வுபெற்று மேசையைக் காலி செய்த அன்று என் மூன்று பத்தித் தாள்களின் நகலை எடுத்து வந்திருந்தேன். எடுத்தது தப்பு. வழக்குப் போடட்டும்.

"வாங்கக்கா" என்றாள். உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். தாளைக் கையில் வாங்கி அந்த ருஷ்ய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதைப் படிங்க. அந்த பாஷையிலயே படிங்க."

படித்தேன்.

"அப்ப நான் எண்ணுனது சரிதானுங்களா?"

"சரிதான் வசு. நீ எண்ணினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என் பையன் என்கூடப் பேசி ஆறு வருஷமாச்சு. நீ அவசரப்படுத்துனதாலதான் டாடி போனாருன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னான். நானும் ஆமான்னுதான் நெனச்சேன். நீங்க வருஷா வருஷம் வந்து சுண்டல் வாங்கிட்டுப் போனீங்க."

"மன்னிச்சுக்கோன்னு கேக்க வரலை."

"கேக்காதீங்க" என்றாள். அதோடு அக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

எழுந்துவிடலாம் என்று கைப்பையை எடுத்தேன். அப்போது அவள் கேட்டாள்.

"வித்த அந்தாளு இது ஒண்ணுதான் கொண்டாந்தானா?"

"இல்லை. அந்தக் கிளப்ல இருந்து ஆறு."

"ஆறுக்கும் இங்கிலீஷ்ல எழுதினது ஒரே ஆளா?"

"ஆமாம். அவன் குடுத்த லிஸ்ட்ல ஆறுக்கும் ஒரே கையெழுத்துதான்."

"மீதி அஞ்சு எங்க இருக்கு?"

என் கை அப்படியே நின்றது. பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தை மட்டும் படி என்றார்கள், ஒரு விமானத்தின் பக்கத்தைப் படித்தேன், ஒரு விமானத்துக்காக வெட்கப்பட்டேன். மற்ற ஐந்தில் ஏறிய மனிதர்களை நினைக்கவில்லை. ராய் நினைத்தாரா, தெரியாது. வக்கீல்கள் நிச்சயமாக நினைக்கவில்லை. கணவரைப் பறிகொடுத்தவள் அரை மணி நேரத்தில் நினைத்தாள்.

"உக்காருங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அந்தப் பட்டியலில் இருந்த ஆறின் வரிசை எண்களையும் என் தாளில் எழுதிவைத்திருந்தேன். அமெரிக்காவில் விமானப் பதிவு யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. ஒன்று ஏற்கெனவே வயலில் விழுந்து நொறுங்கியிருந்தது, ஓட்டியவர் பிழைத்திருந்தார். ஒன்று கனடா போய்விட்டது. மூன்று இன்னும் பறக்கும் நிலையில் இருப்பதாகப் பதிவு சொன்னது. வசுமதி பெயர்களை வைத்து போன் நம்பர்களைத் தேடி எடுத்தாள். காபி கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி வாய்ஸ்மெயில் வைத்தேன். இரண்டாவது, மேற்கு டெக்சஸில் லபக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி விவசாயி. எழுபது வயதுக் குரல். நான் யார், ஏன் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். நல்ல விமானம், ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை என்றார். பதிவேட்டின் ருஷ்யப் பக்கங்களை, முக்கியமாக ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் பக்கங்களை, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பொறுமையாக எல்லாவற்றையும் அனுப்பினார்.

பன்னிரண்டாவது படத்தில் இருந்தது. அதே மெக்கானிக், அதே நீல மை. "வால் பக்கத்தில், விமானத்தை ஏற்றி இறக்கும் மடலின் இடது கீலில் வெடிப்பு. மாற்றாமல் பறக்கக் கூடாது." கீழே, மாற்றியதற்கான கையெழுத்து இல்லை. அவரிடம் இருந்த ஆங்கிலத் தாளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கீல் பார்வையிடப்பட்டது என்று இருக்கிறது" என்றார்.

நான் என் மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வசுமதி பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. கீலுக்கு மேலே யாரோ கெட்டியாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், சுரண்டிப் பார்த்தேன், அடியில் என் கட்டைவிரல் நகம் நீளத்துக்கு வெடித்திருக்கிறது என்றார். பிறகு, "போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியை இதில் கூட்டிக்கொண்டு போனேன்" என்றார்.

விமானத்தைத் தொடாதீர்கள் என்றேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், யாரும் எடுக்க முடியாது என்றார். உங்களை யார் அனுப்பினார்கள், எந்தக் கம்பெனி என்று கேட்டார். கம்பெனி இல்லை, என் பக்கத்தில் இருக்கும் இந்த அம்மாதான் உங்களைத் தேடச் சொன்னாள் என்றேன். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், போனைக் கொடுங்கள் என்றார்.

வசுமதியைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். நானே சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அவள் திரையில் அடுத்த வரியைப் பெரிதாக்கி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"அடுத்த நம்பரைப் போடுங்க" என்றாள்.